கங்கு விழாத தட்டு

வள்ளிக்கண்ணு கல்யாணமாகிப் போனபோது சீர்ப் பாத்திரங்களோடு ஓர் இரும்புக் கரி அடுப்பும் வண்டியில் ஏறியது. அதை அவளுடைய அப்பா அரசப்பன் தன் கையாலேயே செய்திருந்தார். காரைக்குடியில் மானகிரி சாலை ஓரமாகக் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர் அவர். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது, சன்னலுக்குக் கம்பி அடிப்பது, கதிர் அரிவாளுக்குப் பல் வெட்டுவது என்று வருகிற வேலையெல்லாம் செய்வார். எதைச் செய்தாலும் அதைப் பற்றி இரண்டாம் பேச்சு பேச மாட்டார். மகளுக்கென்று செய்த அடுப்பை மட்டும் வண்டியில் ஏற்றும்வரை திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கனத்த தகட்டை வளைத்து, உள்ளே மண் பூசி, நடுவில் கரியைத் தாங்க ஒரு கம்பித்தட்டு வைத்து, அடியில் சாம்பல் அள்ள வாய் விட்டிருந்தார். காற்று நன்றாக ஏற வேண்டும் என்று தட்டின் கம்பிகளை விரல்கடை இடைவெளி விட்டு அடித்திருந்தார். விசிறியை இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், கரி பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை நாகநாதன் நாட்டரசன்கோட்டையில் தச்சுவேலை செய்தான். நல்ல உழைப்பாளி. அம்மா அக்கம்மாள் மட்டும்தான் வீட்டில். சீமைக்கருவேலங் கரி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதல் ஆடிக்குப் பிறந்த வீடு வந்த வள்ளிக்கண்ணு, "தெருவே வந்து பாத்துட்டுப் போகுதுப்பா. உலை வச்சுட்டு அரிசி களையிறதுக்குள்ள கொதிச்சிருது" என்றாள். அரசப்பன் அதைக் கேட்காதவர் போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

மறு வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழகி என்று பேர் வைத்தார்கள். குழந்தை தவழத் தொடங்கியிருந்த சமயத்தில் வந்த தீபாவளிக்கு, நாகநாதன் மதுரைக்குப் போய் மனைவிக்கு ஒரு நைலான் சேலை எடுத்து வந்தான். நைலான் சேலை அப்போது புதிது. கசங்காது, துவைத்துப் போட்டால் உடனே காயும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாத்தாள் கோயிலுக்குப் போய்வந்த வள்ளிக்கண்ணு, அதை மாற்றாமலே உலையை ஏற்றினாள். பிறகு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். எரிந்து சிறுத்த ஒரு கங்கு கம்பி இடைவெளியில் நழுவிக் கீழே விழுந்தது. சாம்பல் வாய் வழியாக உருண்டு வெளியே வந்து, தரையில் கிடந்த முந்தானையைத் தொட்டது. பருத்தியாக இருந்தால் கருகல் வாடை வந்திருக்கும், தட்டி அணைத்திருப்பாள். நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். நினைவு தெளிவாக இருந்தது. நடந்ததையெல்லாம் அவளேதான் சொன்னாள். வாழையிலை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். அரசப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தொட ஓர் இடம்கூட இல்லாததால் அவர் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுச்சுப்பா," என்றாள் அவள். "நாந்தான் திரும்பிப் பாக்கல."

காரியம் முடிந்த அன்று, கூட்டத்துக்கு நடுவில் அக்கம்மாள் அந்த அடுப்பைக் காலால் தள்ளினாள். "எமனச் சீரா அனுப்பிட்டு இப்ப வந்து அழுகுறீக" என்றாள். "நைலான் சேலைய எடுத்துக் குடுத்தது யாரு? நானா?" என்று அரசப்பன் கேட்டுவிட்டார். நாகநாதன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. குழந்தையைத் தருகிறீர்களா என்று அரசப்பன் வீட்டார் கேட்டுப் பார்த்தார்கள். அக்கம்மாள் கதவைச் சாத்தினாள். ஒரு வருடம் கழித்து நாகநாதனுக்குச் சின்னத்தாயி என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது.

அடுப்பை அரசப்பன் பஸ்ஸில் காரைக்குடிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதைத் தூக்கி எறிந்துவிடுவார் என்றுதான் அவர் மனைவி அழகம்மாள் நினைத்தாள். அவர் எறியவில்லை. பட்டறையில் ஒரு மூலையில் வைத்துக் கரியைக் கொட்டிப் பற்றவைத்தார். எதிரே குந்தி உட்கார்ந்து, சாம்பல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கரி முழுதாக இருக்கும்வரை ஒன்றும் விழவில்லை. எரிந்து புளியங்கொட்டை அளவுக்குச் சிறுத்தபோது கங்குகள் ஒவ்வொன்றாகக் கீழே விழ ஆரம்பித்தன. சில சாம்பலுக்குள் புதைந்து அணைந்தன. சில உருண்டன. ஒன்று வாயைத் தாண்டித் தரைக்கு வந்து, காற்றுப் பட்டு இன்னும் சிவந்தது. மறுநாளும் பற்றவைத்தார். அதற்கு அடுத்த நாளும்.

வேலை கொடுத்தவர்கள் வந்து நின்று பார்த்துவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். பக்கத்துக் கடை சோணைமுத்து ஒருநாள் மெதுவாக, "அண்ணே, போனது போயிருச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிண்ணே" என்றார். அரசப்பன், "விழுகாம எரியணும் சோணை. அதுக்கு ஒரு வழி இருக்கும்ல" என்றார்.

முதலில் கம்பிகளை நெருக்கி அடித்துப் பார்த்தார். கங்கு விழவில்லை, ஆனால் சாம்பலும் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் இடைவெளிகள் அடைத்துக்கொண்டு, காற்று ஏறாமல் கரி புகைந்து அணைந்தது. பிறகு கம்பிகளே வேண்டாமென்று கனத்த தகட்டில் துளைகள் போட்டுப் பார்த்தார். அதுவும் அடைத்தது. குச்சியால் குத்திவிட்டால்தான் எரிந்தது. குத்தும்போது கங்கு மேலே தெறித்தது. அது முன்னதைவிட மோசம். சாம்பல் வாய்க்கு முன்னால் ஒரு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டினார். அது நல்ல யோசனைதான், கங்கு உருண்டு வெளியே வருவது நின்றது. ஆனால் வரம்புக்கு உள்ளே கங்குகள் சேர்ந்து, சாம்பல் அள்ளுகிற கையைச் சுட்டன.

ஒவ்வொரு தட்டையும் சோதிக்க அடுப்பங்கரை வேண்டியிருந்தது. பட்டறையில் சும்மா கரி எரிப்பதும் வீட்டில் சோறு பொங்குவதும் ஒன்றில்லை. அழகம்மாள் மகள் போன பிறகு மண் அடுப்பில் விறகு வைத்துத்தான் சமைத்தாள். அவர் முதல்முறை புதுத் தட்டோடு அடுப்பைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் முற்றத்தில் போய் நின்றுகொண்டாள். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்து பற்றவைத்தாள். பிறகு அவர் கொண்டுவருகிற தட்டுகளையெல்லாம் எரித்துப் பார்த்தாள். "அடைக்குது," என்பாள். "சட்டி ஒரு பக்கமா காயுது," என்பாள். வேறு பேச்சு இல்லை. உங்களால்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. வயிற்றுப்பாட்டுக்கு மற்ற வேலைகளையும் செய்தார். ஒருமுறை பள்ளத்தூரில் உமையாள் ஆச்சி வீட்டில் வளவு முற்றத்துக்கு மேலே போட்டிருந்த இரும்புக் கிராதி துருப்பிடித்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. இறங்கி ஒரு தூணோரமாக ஒதுங்கினார். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டியது. பக்கத்து வேப்பமரத்தின் பூவும் சருகும் தண்ணீரோடு வந்து, மூலையில் இருந்த துளை போட்ட கல்லில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. எங்கும் தேங்கவில்லை.

"ஆச்சி, இந்தக் கல்லு அடைக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து அடைச்சதில்ல ஆசாரி. எதுக்குக் கேக்குறீக?"

"பொரட்டிப் பாக்கலாமா?"

ஆச்சி ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மழ விடட்டும். பாத்துட்டுத் திரும்ப வச்சிருங்க," என்றார்.

மழை விட்டதும் கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் புரட்டினார். மேலே சுண்டுவிரல் நுழையாத துளை, அடியில் கட்டைவிரல் தாராளமாகப் போகிற அளவுக்கு அகலமாக இருந்தது. ஊதுகுழல் வாய்போல விரிந்திருந்தது. மேலே புகுந்தது எதுவும் உள்ளே பிடித்து நிற்க வழியில்லை. அரசப்பன் ஈரத் தரையில் உட்கார்ந்து அந்தத் துளைகளுக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். கிராதி வேலையை அன்று முடிக்கவில்லை. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையில் ஆப்புப் போலப் பள்ளம் வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியை அதில் வைத்து அடித்தார். கம்பி மேலே அகலமாகவும் அடியில் கூராகவும் வந்தது. அப்படிப்பட்ட கம்பிகளை நெருக்கமாக வைத்துப் பூட்டினால், மேலே நெல்மணி மட்டுமே நுழைகிற சந்து, கீழே போகப் போக அகன்றது. எல்லாக் கம்பியும் நடுவை நோக்கிக் கொஞ்சம் தாழும்படி வளைத்தார்; கரி ஓரத்துக்கு ஓடாமல் நடுவில் கூடி நிற்க அது உதவியது. வரம்பையும் வைத்தார்.

அழகம்மாள் அதில் உலை வைத்தாள். இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சோறு வெந்து, வடித்து, குழம்பும் கொதித்தது. சாம்பல் மாவுபோலச் சலித்துக்கொண்டே கீழே இறங்கியது. குச்சியால் குத்த வேண்டியிருக்கவில்லை. கரி மேலேயே எரிந்து மேலேயே சாம்பலானது. கடைசியில் அழகம்மாள் கையை உள்ளே விட்டு அடிச்சாம்பலை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். ஒரு கங்குகூட இல்லை. சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

சாம்பலைத் திரும்பத் திரும்ப விரலால் கிளறினாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

"கம்பியக் கொஞ்சம் கூரா அடிக்கிறது. இம்புட்டுத்தானே? இத அப்பவே அடிச்சிருக்கக் கூடாதா நீங்க? எம்புள்ள இருந்திருப்பாளே."

அப்போது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தெரிந்திருக்க முடியும் என்பதைத்தான் அவர் இத்தனை வருடம் உழைத்து நிரூபித்திருந்தார். அழகம்மாள் சாம்பலோடு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். மகள் போன பிறகு அவள் அப்படி வாய்விட்டு அழுதது அன்றுதான். அவர் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. குழம்பு வற்றிக் கருகுகிற வாடை வந்தபோது சட்டியை அவரே இறக்கி வைத்தார்.

அதன்பிறகு அவர் அடுப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ஆனால் அழகம்மாள் அதிலேயே சமைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துவிட்டு, எங்களுக்கும் ஒன்று அடித்துக் கொடுங்கள் என்று வந்தார்கள். மறுத்துச் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை. அடித்துக் கொடுத்தார். கரி மிச்சமாகிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். மானகிரிக்கு நாலைந்து போயிற்று. தேவகோட்டை வரைக்கும் போயிற்று என்று சோணைமுத்து சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், ஒரு காலைப்பொழுதில், பட்டறை வாசலில் ஒரு பெண் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நாட்டரசன்கோட்டைங்க," என்றாள். "எம்பேரு சின்னத்தாயி. இது அழகி."

அரசப்பன் கையிலிருந்த சம்மட்டியைக் கீழே வைத்தார். சிறுமிக்கு ஆறேழு வயதிருக்கும். பட்டறையின் நெருப்பை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"மாமியாளுக்குத் தெரியாது. வீட்டுக்காரவுகளும் அறியமாட்டாக. ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள் சின்னத்தாயி. "மானகிரில எங்க சின்னம்மா வீட்டுல உங்க தட்டப் பாத்தேன். இவ இப்பல்லாம் நான் சமைக்கையில பக்கத்துல வந்து வந்து உக்காருறா. வெரட்டுனாலும் போகமாட்டேங்குறா. அந்த அடுப்பங்கரைக்குள்ள போறப்பல்லாம் எனக்கு அக்கா நெனப்புத்தான். நான் அக்காளப் பாத்தது கூட இல்ல."

அரசப்பன் உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றார். பிறகு, "நான் வந்து வச்சுத் தாரேன் தாயி," என்றார். "மாப்ள என்ன சொல்லுவாரோ."

"சொன்னா நான் பேசிக்கிறேன். வாங்க."

அழகம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் ஓடி வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர்கள் ஏறிப் போயிருந்தார்கள்.

அந்த மாதம் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. அடுப்பை மகளுக்குச் செய்ததுபோலவே கனத்த தகட்டில் செய்து, சாக்கில் சுற்றிக்கொண்டு நாட்டரசன்கோட்டைக்குப் போனார். அக்கம்மாள் வாதம் வந்து படுக்கையில் இருந்தாள். அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாகநாதன் உளியோடு வெளியே வந்தவன், நின்றுவிட்டான். தலை பாதி நரைத்திருந்தது. சின்னத்தாயி முன்னால் வந்து, "நாந்தான் கேட்டேன்" என்றாள்.

அரசப்பன் அடுப்பங்கரைக்குள் போனார். சுவர் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருந்தது. குனிந்து அடுப்பை வைத்துப் பற்றவைத்தார். அழகி அவருக்கு எதிரே வந்து குந்திக்கொண்டு, விசிறியை எடுத்து இடது கையால் வீசினாள். வீசட்டும் என்று அவர் விட்டுவிட்டார். நாகநாதன் கதவு நிலைக்கு வெளியிலேயே நின்றான். அந்த நிலையைத் தாண்டித் தன் புருஷன் உள்ளே வந்து வருடங்கள் ஆகின்றன, சோறுகூட வெளியேதான் என்று சின்னத்தாயி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கரி முழுவதும் எரிந்து அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அரசப்பன் அடிச்சாம்பலை வாரி வெளியே கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் காட்டினார்.

"இனி விழுகாதா?" என்று கேட்டான் நாகநாதன்.

"விழுகாது மாப்ள."

"விழுகாதுன்னு நெனச்சுத்தானே அன்னைக்கும் குடுத்தீக."

"ஆமா," என்றார் அரசப்பன். "நெனச்சுத்தான் குடுத்தேன்."

திரும்பும்போது நாகநாதன் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தான். பஸ் வரத் தாமதமாயிற்று. ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவ சுங்கடி போதும்னுதான் சொன்னா மாமா. நூல் சேலதான் ஒடம்புக்கு நல்லதுன்னா. நாந்தான் கேக்கல. எங்கூட வேல பாக்குறவன் பொண்டாட்டி கட்டிருந்தா, எம்பொண்டாட்டிக்கும் வேணும்னு எடுத்தேன். நீங்க அன்னைக்குக் கேட்டது சரிதான்."

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மாப்ள."

"கேட்டீகள்ல. அது இன்னும் காதுல கெடக்கு."

பஸ் வந்தது. நாகநாதன் அவருடைய காலிச் சாக்கை மடித்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அழகம்மாள் அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "பிள்ள எப்படி இருக்கா?" என்றாள்.

"இடது கையாலதான் விசிறுறா," என்றார். வள்ளிக்கண்ணுவும் அப்படித்தான் விசிறுவாள்.

அந்த வருடம் தை மாதம் இருவரும் நாட்டரசன்கோட்டைக்குப் போனார்கள். அழகி வெளியே பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சின்னத்தாயி அவளைக் கூப்பிட்டு, "இது உங்க அம்மாச்சி" என்றாள். குழந்தை சின்னத்தாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே அம்மா, அப்ப உன் அம்மாதானே அம்மாச்சி" என்றது. அழகம்மாள் எட்டிப் பிடிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "ஆமா சாமி, அவுகதான்," என்றாள். "நான் சும்மா பாக்க வந்தேன்."

அடுப்பங்கரைப் பக்கம் அவளால் போக முடியவில்லை. கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே விசிறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சின்னத்தாயி ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து, அவளுக்கு முன்னால் மண்டியிட்டு நீட்டினாள். "குடிங்கம்மா," என்றாள்.

அழகம்மாள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினாள். சுடச்சுட இருந்தது. ஆறட்டும் என்று வைக்காமல் மெல்ல மெல்ல முழுவதையும் குடித்தாள்.